எல்லப்பன் எண்ணிய வேட்டு

காரமேட்டு எல்லப்பன் தம் வாழ்நாளில் செய்த சாதனை என்ன என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் பதில். இதைக் குறைவாக எடைபோட்டுவிடக் கூடாது. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர் அவர். ஊருக்குப் பின்னால் உள்ள குன்றில் கல்குவாரி ஓடிய காலம் முழுவதும் அங்கே கொடிக்காரராக இருந்தார். பாறையில் கம்ப்ரசர் வைத்துக் குழி போட்டுத் தோட்டா இறக்கித் திரியும் இணைத்தாகிவிட்டால், கொடிக்காரர் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். விசில் ஊதியபடி குன்றைச் சுற்றி வந்து, "வேட்டேய்! வேட்டேய்! ஓடு!" என்று கத்த வேண்டும். ஆடு மேய்ப்பவர், அவசரத்துக்குப் புதரில் ஒதுங்கியவர், பாறை மறைவில் சீட்டாடுபவர், அதைவிட நல்ல மறைவில் காதலிப்பவர் என்று சகலரையும் எல்லப்பன் கிளப்பி ஓட வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவர் மேலும் ஒரு ஜல்லிகூடப் பட்டதில்லை. படாத காரணத்தால் ஒருவரும் அவரை நினைவில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

வீட்டில் அவர் சொல்லுக்கு இருந்த மரியாதை தனி. "டிவி சத்தத்தக் கொறை" என்றால் சத்தம் கூடும். "கொழம்புல உப்பு பத்தல" என்றால் மறுநாள் அதுவும் இருக்காது. ஆனால் குன்றின் மேல் அவர் கொடி உயர்ந்தால் குவாரி முதலாளியின் வெள்ளைக் கார் தூரத்திலேயே நிற்கும். உள்ளே முதலாளி கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொடி இறங்கும்வரை அவர் வெறும் ஆள். அந்தச் சில நிமிடங்களுக்காகவே எல்லப்பன் மற்ற நேரமெல்லாம் உயிர் வாழ்ந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

கொடிக்காரருக்கு இன்னொரு கடமையும் உண்டு. வெடிக்கிற சத்தத்தை எண்ண வேண்டும். பன்னிரண்டு குழி என்றால் பன்னிரண்டு வேட்டு காதில் விழ வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கோ ஒரு குழி வெடிக்காமல் நிற்கிறது என்று பொருள். அதைப் பார்த்துத் தீர்க்கும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

குவாரியின் கடைசி வேட்டு குன்றின் வடக்கு மூலையில் நடந்தது. அன்று போட்டது பன்னிரண்டு குழி. எல்லப்பன் எண்ணியது பதினொன்று.

"பன்னெண்டும் போச்சு" என்றார் வெடிகாரர் பெஞ்சமின்.

"பதினொண்ணுதான்டா."

"காதுல இன்னா மண்ணா கீது ஒனக்கு? பன்னெண்டுடா!"

"காலைல பாக்கலாம். இப்ப எவனும் உள்ள போவக்கூடாது."

அந்தக் காலை வந்தது. கூடவே அதிகாரிகளும் வந்தார்கள். உரிமம் சம்பந்தமாக ஏதோ வழக்கு. குவாரிக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். ஜல்லி உடைக்கும் கிரஷரைப் பழைய இரும்புக்காரர் கழற்றிக்கொண்டு போனார். முதலாளி வேறு மாவட்டத்தில் வேறு குன்றைப் பார்த்துக்கொண்டு போனார். மகன் வீட்டோடு இருக்கப் பெஞ்சமின் செங்கல்பட்டுக்குப் போனார். எல்லாரும் போனபின் மிச்சமாக நின்றது அந்தப் பன்னிரண்டாவது குழி. அதற்குத் துணையாக எல்லப்பன்.

அவர் வடக்கு மூலையைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார். முள்ளின் மேல் சிவப்புத் துணி கட்டினார். வெயிலில் துணி வெளுத்தால் புதுத்துணி கட்டினார். இதனால் மனைவி ரேணுகாவின் இரண்டு பாவாடைகள் அகால மரணமடைந்தன. ஆடுகளை விரட்டினார், விறகு பொறுக்க வந்தவர்களை விரட்டினார், மட்டையும் பந்துமாக வந்தவர்களை விரட்டினார். "இன்னும் வெடிக்காம ஒண்ணு கீது!" என்பதே அவர் மந்திரம். அவருக்கு மண்டையில் ஏதோ வெடித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. ஆனாலும் அந்த மூலைப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்?

வருஷங்கள் ஓடின. குன்றைக் குடைந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று பச்சையாகிவிட்டது. பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நின்றால் அதை ஏரி என்பதும், ஏரி என்றால் அதைப் பார்க்க ஆள் வரும் என்பதும் அரசாங்க இயற்கை. வனத்துறையும் ஊர் வனக்குழுவும் சேர்ந்து அதை உல்லாசக் காடாக அறிவித்தன. சிமெண்டில் நாய்க்குடை ஆசனங்கள் முளைத்தன. சிமெண்டு மான் ஒன்று, கழுத்தைத் திருப்பி, டிக்கெட் கவுண்டரைச் சந்தேகத்தோடு பார்த்தது. பள்ளத்தைச் சுற்றி நடைபாதை போட்டு, வழியெல்லாம் "இயற்கையைக் காப்போம்" என்று பலகை நட்டார்கள். பலகைகள் நன்றாக வேரூன்றின. பக்கத்தில் நட்ட கன்றுகள் வெள்ளாடுகளுக்கு மாலைச் சிற்றுண்டியாயின.

ஜனம் வந்தது. பழைய மகாபலிபுரம் ரோட்டுப் பக்கம் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தாங்கள் குடியிருக்கும் மாடி எந்தப் பள்ளத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதோ அதே பள்ளத்தின் ஓரத்தில் நின்று, "எவ்வளவு அமைதியா இருக்கு பாரு!" என்றார்கள். பாறையில் வரிசையாக இறங்கும் துளைத்தடங்களைத் தடவிப் பார்த்த ஒருவர், மாமல்லபுரம் பக்கத்தில் இருக்கும் தைரியத்தில், "இது பல்லவர் காலமா?" என்று கேட்டார்.

"இல்ல சார், கம்ப்ரசர் காலம்" என்றார் எல்லப்பன்.

ஆம், எல்லப்பனுக்கு அங்கே காவலர் வேலை கிடைத்திருந்தது. வனக்குழுத் தலைவர் தீனதயாளன் கொடுத்தது. தீனதயாளன் இதே குன்றின் ஜல்லியை டிப்பர் லாரியில் அடித்து முன்னுக்கு வந்தவர். இப்போது இதே குன்றின் இயற்கையைக் காப்பவர். இதில் முரண் எதுவும் இருப்பதாக அவருக்குப் படவில்லை.

"அண்ணாத்த, டப்பு குட்த்து டிக்கெட் வாங்கிகினு வர்றவன் கிட்ட போயி ஓடு ஓடுன்னு கத்தாத. வாங்க, வணக்கம்னு சொல்லு. அவ்ளோதான் வேல" என்றார்.

எல்லப்பன் மனமார முயன்றார். வாழ்நாள் முழுவதும் மனிதர்களைத் துரத்துவதற்கென்று வளர்ந்த தொண்டை அது. முதல் நாள் அவர் கூவிய "வாங்க வணக்கம்!" கேட்டு ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு காருக்குத் திரும்பி ஓடியது.

வாசலில் மாங்காய்க் கீற்றும் வெள்ளரியும் விற்றுக்கொண்டிருந்த ரேணுகா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாய்யா, வாங்கன்றதையே வெரட்டற மாதிரி சொல்ற? வாய்ல இன்னா தோட்டாவ வெச்சினுகீறியா?"

இப்படியாக அவர் வரவேற்றுக்கொண்டிருக்கையில்தான் வடக்கு மூலை விவகாரம் கிளம்பியது. உல்லாசக் காட்டில் ஒரு சின்னக் குறை இருந்தது: காடு இல்லை. நிழல் என்று சொல்லத்தக்க நிழல் எல்லப்பன் முள் போட்டு அடைத்த மூலையில் மட்டுமே இருந்தது. அங்கே பெஞ்சு போட வேண்டும் என்றார் தீனதயாளன். தம் பிணத்தைத் தாண்டித்தான் போட முடியும் என்றார் எல்லப்பன். பிணமாக வேண்டாம், வேலையை விட்டு நின்றாலே போதும் என்றார் தீனதயாளன்.

புதிதாக வந்திருந்த வனவர் ரோகிணி இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார்.

"எத்தனை சத்தம் கேட்டீங்கண்ணே?"

"பதினொண்ணு மேடம்."

"குழி?"

"பன்னெண்டு."

ரோகிணி சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கைச் சொல்லும்போது சிரிக்காத முதல் ஆள் அவர். மேலிடத்தில் பேசி, வெடிபொருள் தெரிந்த நிபுணர்களை வரவழைத்தார்.

அவர்கள் ஒரு வேனில் வந்தார்கள். கூட ஒரு நாயும் வந்தது. அன்று எல்லப்பன் பழைய கொடியைத் தூக்கிக்கொண்டு, விசில் ஊதி, குன்றைச் சுற்றி ஓடினார். ஒரு குருவி பாக்கியில்லாமல் குன்று காலியாயிற்று. சிமெண்டு மான் மட்டும் உத்தரவை மீறி நின்றது. நாய் முள்வேலி ஓரம் மோந்தது, ஒரு தும்மல் போட்டது, நிழலில் படுத்துத் தூங்கிவிட்டது. நிபுணர்கள் குனிந்து, தவழ்ந்து உள்ளே போனார்கள். வெகுநேரம் கழித்து, எறும்புக் கடியும் முள் கீறலுமாக வெளியே வந்தார்கள்.

"பன்னெண்டும் வெடிச்சிருக்கு" என்றார் அவர்களில் மூத்தவர். "ரெண்டு குழி ஒரே நேரத்துல வெடிச்சிருக்கும். ஒரே சத்தமாக் கேட்டிருக்கும். சகஜம்."

சகஜம். அந்த ஒரு சொல்லுக்குள் எல்லப்பனின் பல வருஷத்துக் காவல் சத்தமில்லாமல் சரிந்து விழுந்தது.

"அண்ணாத்த, இத்தினி நாளா காத்தையா காவல் காத்துகினு இருந்த?" தீனதயாளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்தது. ரேணுகா மட்டும் சிரிக்கவில்லை. "வெடி இல்லன்னா நல்லதுதான? மூஞ்சிய ஏன் அப்பிடி வெச்சினுகீற?" என்றாள்.

நல்லதுதான். அபாயம் இல்லை என்று தெரிந்தால் மனிதன் சந்தோஷப்படவே வேண்டும். எல்லப்பனும் சந்தோஷப்படத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் உள்ளே யாரோ செத்துப்போனது போல் இருந்தது. யார் என்று தெரியாததால் அழவும் வழியில்லை. யோசித்துப் பார்த்துப் பெஞ்சமின் எண்ணைத் தேடிப்பிடித்துப் போன் போட்டார். அந்த வேட்டுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"அலோ, யாரு?"

"எல்லப்பன்."

"யாரு, கொடியா? அட, உயிரோடதான் கீறியா?"

"பன்னெண்டுதான்டா."

"இன்னா பன்னெண்டு?"

"கடைசி வேட்டு. பன்னெண்டும் வெடிச்சிடிச்சாம். ஆபீசருங்க வந்து பாத்துட்டாங்க. நீ சொன்னதுதான் ரைட்டு."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக மாறி அடங்கியது.

"அடப்பாவி! நானும் பதினொண்ணுதான்டா எண்ணினேன்."

"அப்பறம் ஏன்டா பன்னெண்டுன்ன?"

"மொதலாளி பக்கத்துல நின்னுகினு இருந்தாரு. மழ வேற கறுத்துகினு வந்திச்சி. வூட்டுக்குப் போவ வேணாமா?"

எல்லப்பன் போனை வைத்தார். கேட்டதைக் கேட்டபடி சொன்னவர் ஊர் சிரிக்க நிற்கிறார். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பொய் சொன்னவர் சொன்னது, நிபுணர்களாலும் நாயாலும் உறுதி செய்யப்பட்ட உண்மையாகிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் இதற்கு யார் மேலாவது கோபம் வர வேண்டும். யார் மேல் என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

நிபுணர்கள் போனபின் ரோகிணி அந்த மூலைக்குள் தவழ்ந்து போய்ப் பார்த்தார். தலைமுடியெல்லாம் சருகோடு எல்லப்பனிடம் வந்தார்.

"நீங்க உள்ளே போயிருக்கீங்களாண்ணே?"

"அதெப்படி மேடம்? போவக்கூடாதுன்னு சொன்னவனே நான்தான்."

"வீரை மரம் இருக்கு, காசான் இருக்கு, உலக்கைப்பாலை இருக்கு. எல்லாம் தானா வந்தது. பறவை விதை கொண்டாந்து போட்டிருக்கு. நாங்க லாரி லாரியா கன்னு நட்டோம், ஒண்ணும் தேறலை. நீங்க ஒண்ணுமே நடலை, காடு வந்துடுச்சு." குரலைத் தாழ்த்தினார். "காணும் பொங்கல் வருது. வெளியூர்க் கூட்டம் அத்தனையும் நிழலைத் தேடி இங்கேதான் வரும். ஒரே நாள்ல மிதிச்சு முடிச்சிடுவாங்க. அப்புறம் நான் மேலே பேசிக் கம்பிவேலி போட்டுடுவேன். அந்த ஒரு நாள் மட்டும், யார் கேட்டாலும் உள்ளே வெடி இருக்குன்னு சொல்லிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்லையே."

அன்றைக்கே தீனதயாளனும் வந்தார். "அண்ணாத்த, காணும் பொங்கலுக்கு எவனாச்சும் கேட்டா, வெடி கிடி ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லு. மெய்தான? ஜனம் நெழல்ல குந்தட்டும். கூட்டத்தப் பாத்தா பெஞ்சு போட மேலிடத்துலயே பணம் ஒதுக்கிடுவாங்க. சொல்லலன்னா, வேற ஆளு பாத்துக்கறேன்."

ஒரே காட்டைக் காக்கும் இரண்டு பேர். மரம் பிழைக்கப் பொய் சொல்லச் சொன்னார் ஒருவர். மரம் அழிய உண்மை சொல்லச் சொன்னார் இன்னொருவர். இதைத் தீர்த்துவைக்கக் கொடிக்காரர் வேலையில் விதி எதுவும் இல்லை. அங்கே வெடி இருந்தால் கத்துவார். இல்லாவிட்டால் பீடி பிடிப்பார்.

காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத ஜனமெல்லாம் காரமேட்டுக்குத் திரும்பியது. வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் புளிச்சோறும் பிரியாணியும் பாட்டிகளும் பாயுமாக வந்து இறங்கியது. உச்சி வெயில் ஏறியதும் சிமெண்டு நாய்க்குடைகள் தோசைக்கல்லாகக் காய்ந்தன. கூட்டத்தின் பார்வை மெல்ல வடக்கு மூலையின் பச்சைப் பக்கம் திரும்பியது.

முள்வேலி முன்னால் எல்லப்பன் நின்றார். இந்தப் பக்கம் ரோகிணி, அந்தப் பக்கம் தீனதயாளன். முதலில் வந்து சேர்ந்தவர் பெரிய குடும்பம் ஒன்றின் தலைவி. இடுப்பில் பிரியாணி அண்டாவை அணைத்திருந்தார். அவர் பெயர் சகுந்தலா என்பது, "சகுந்தலாக்கா, எடம் புடி, எடம் புடி!" என்று பின்னாலிருந்து வந்த கூச்சலில் தெரிந்தது.

"இன்னாண்ணா இது, செவப்புத் துணி?"

"உள்ள போவாதீங்கம்மா."

"ஏன், பாம்பு கீதா?"

"உள்ள வெடி கீதாம்க்கா!" என்றார் எப்போதோ வந்து துரத்தப்பட்ட ஒருவர்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அண்டாவைக் கீழே வைத்துவிட்டு சகுந்தலா கேட்டார். "மெய்யாலுமே வெடி கீதாண்ணா?"

எல்லப்பனின் தொண்டை வரை அந்தச் சொல் வந்து நின்றது. வேட்டேய். ஒரே ஒரு தடவை. அத்தனை பேரும் ஓடியிருப்பார்கள். மரங்கள் பிழைத்திருக்கும். அவரும் பழைய எல்லப்பனாகியிருப்பார்.

"இல்ல" என்றார்.

ரோகிணி கண்ணை மூடிக்கொண்டார். தீனதயாளன் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டார்.

"கீதுன்னு நெனச்சிகினு இருந்தேன். இல்லன்னு பாத்துட்டாங்க."

"அப்ப போலாமா?"

"போலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா போவாதீங்க."

"இன்னாண்ணா பேஜாரா கீது! வெடியும் இல்ல, பாம்பும் இல்ல. அப்பறம் இன்னாத்துக்குப் போவக்கூடாது?"

இத்தனை காலத்தில் யாரும் எல்லப்பனிடம் ஏன் என்று கேட்டதில்லை. வெடி என்பதே ஏன் என்ற கேள்வியையும் சேர்த்து விரட்டிவிடும். இப்போது கொடி இல்லை, வெடி இல்லை, சம்பளம்கூடச் சந்தேகம். தன் வாயிலிருந்து என்ன வரும் என்று தானும் காத்திருந்து கேட்பவர்போல், மெதுவாகச் சொன்னார்.

"யாரும் போவாததாலதான் அது இப்பிடி கீதும்மா. போன எடமெல்லாம் எப்பிடி கீதுன்னு நீங்களே பாருங்க."

சகுந்தலா திரும்பிப் பார்த்தார். காகிதத் தட்டு, சோற்றுப் பருக்கை, செம்மண் புழுதி. கயிற்றோடு கட்டியிருந்த குச்சிகள், அவற்றில் கன்று என்று எதுவும் இல்லை. மறுபடி மூலையைப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒரு பறவை, காணும் பொங்கல் என்பது தெரியாமல், தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அவர் பெருமூச்சு விட்டார்.

"ஏய், பாய இங்கியே விரிங்கடி! வேலிக்கு வெளிய நெழலு வுழுதில்ல, போதும்."

பாய் விரிந்தது. அதைப் பார்த்துப் பக்கத்திலும் இரண்டு பாய்கள் விரிந்தன. எல்லப்பன் கையில் ஒரு தட்டுப் பிரியாணி வந்து சேர்ந்தது. வெடியின் துணை இல்லாமல் தன் பேச்சை ஒரு மனிதப் பிறவி கேட்டது இதுவே முதல் தடவை என்பது அவருக்குத் தட்டைக் கையில் வாங்கியபிறகுதான் உறைத்தது. தூரத்தில் ரேணுகா மாங்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு இதை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார் ரோகிணி. குரலில் கோபத்தைவிட அலுப்பு அதிகம்.

"நான் வேட்டுன்னு சொன்னா வேட்டு இருக்கணும் மேடம். இல்லாததுக்குக் கத்திட்டா, இருக்கிறதுக்குக் கத்தும்போது எவன் ஓடுவான்?"

"நாளையிலேருந்து நீங்க இங்கே இருப்பீங்களான்னே தெரியலை." அவர் தீனதயாளன் பக்கம் பார்த்தார். தீனதயாளன் விரிந்த பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சு கேட்காத கூட்டத்தை என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை.

எல்லப்பன் சிவப்புத் துணியை அவிழ்த்து மடித்து ரேணுகாவிடம் கொடுக்க எடுத்து வைத்துக்கொண்டார். முள்ளை அப்படியே விட்டார். அந்த நேரத்தில்தான் மறுபக்கம் சலசலப்புக் கேட்டது. நான்கைந்து இளவட்டங்கள் வேலியைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டார்கள். எல்லாருமா பிரியாணிக்காரம்மாவாக இருப்பார்கள்?

வழக்கம்போல் கை விசிலுக்குப் போனது. வாய்வரை கொண்டுபோய்விட்டு, பையிலேயே போட்டுக்கொண்டார். தட்டைச் சகுந்தலாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தாமே போட்ட முள்ளை ஒதுக்கிக் குனிந்து நுழைந்தார். உள்ளே வெளிச்சம் பச்சையாக இருந்தது. கிளைகள் முகத்தில் உரசின. எறும்பு கடித்தது. எட்டிய தூரத்தில் அந்த இளவட்டங்கள், சத்தம் போட வந்தவர்கள், எதற்கென்று தெரியாமல் சத்தம் போடாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தம்பிங்களா" என்றார் எல்லப்பன். அவர் கத்தவில்லை. "பாத்தாச்சா? கெளைய ஒடிக்காம, வந்த வழியாவே வாங்க. நான் முன்னால போறேன்."